ரெக்கார்டில் இருந்த ஒரு வரி

‘தொட்டால் பிடிக்காது’ என்று எங்களிடம் வரும் ஒரு பையனைப் பற்றிய அப்சர்வேஷன் ரெக்கார்டில் எழுதியிருந்தாள் அந்தப் பயிற்சி மாணவி.

“ஏம்மா, நேத்து முழுக்க அவன் உன் கையைப் பிடிச்சுக்கிட்டுதானே சுத்தினான்?”

“ஆமா மேடம்.”

“அப்புறம் எப்படி இதை எழுதின?”

கொஞ்சம் யோசித்தாள். “ஆஸ்பெர்ஜர்னா அப்படித்தானே மேடம்? நீங்க படிக்கச் சொன்ன நாவல்ல அப்படித்தானே வருது?”

மற்றவர்களோடு பழகுவதும் பேசுவதும் வேறு மாதிரி இருக்கும் ஆட்டிசத்தில் ஒரு வகைக்கு வைத்திருந்த பெயர்தான் ஆஸ்பெர்ஜர். அவள் எதிர்த்துப் பேசுகிற பெண் இல்லை. உண்மையாகவே குழம்பித்தான் கேட்டாள். அதனால்தான் அந்தக் கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது.

நான் படிக்கச் சொன்னது மார்க் ஹேடன் 2003இல் எழுதிய ‘தி க்யூரியஸ் இன்சிடென்ட் ஆஃப் தி டாக் இன் தி நைட் டைம்’. ஸ்விண்டன் நகரத்தில் வசிக்கும் 15 வயது கிறிஸ்டோஃபர், எதிர்வீட்டு நாயைக் கொன்றது யார் என்று துப்பறிகிறான். கதையைச் சொல்வதும் அவன்தான். அத்தியாயங்களுக்குப் பகா எண்கள் மட்டுமே போடுவான். வரிசையாக 4 மஞ்சள் கார்களைப் பார்த்துவிட்டால் அன்று யாரோடும் பேசமாட்டான். யாரும் தொட்டால் பிடிக்காது, அது சரிதான். ஆனால் அவனும் அப்பாவும் விரல்களை விசிறி போல விரித்து நுனியோடு நுனி ஒட்டிக்கொள்வார்கள். அவர்களுக்கு அதுதான் கட்டிப்பிடிப்பது. இந்த இடத்தை அவள் எப்படித் தாண்டிப்போனாள்?

செத்துப்போனதாக அப்பா சொல்லியிருந்த அம்மாவின் கடிதங்களைக் கண்டுபிடிக்கிற இடமும் இருக்கிறது. துக்கம் என்றோ கோபம் என்றோ கிறிஸ்டோஃபர் எழுதுவதில்லை. கட்டிலெல்லாம் வாந்தி கிடந்ததை மட்டும் பதிவு செய்கிறான். சொல்லுக்கு வராதது உடம்பில் வந்துவிடுகிறது. பாடப்புத்தகத்தின் அறிகுறிப் பட்டியலில் இதைக் காட்ட முடியாது. அதற்காகத்தான் நாவலைக் கொடுத்தேன். இப்போதும் அதைச் சரி என்றே நினைக்கிறேன்.

ஆனாலும் அவளை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. ‘நான்’ என்று ஒரு பையன் இவ்வளவு துல்லியமாகப் பேசும்போது, கேட்பவருக்கு அது ஒருவனின் குரலாகவா படும்? ஒரு கூட்டத்தின் குரலாகவே பட்டுவிடும். நாவலுக்குள் ஆஸ்பெர்ஜர் என்ற வார்த்தையே கிடையாது, அது அட்டையில் வந்தது. தான் இந்தத் துறை நிபுணர் இல்லை என்று ஹேடனே சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் வகுப்பில் சொல்லித்தான் கொடுத்தேன். அந்தக் குரலுக்கு முன்னால் என் முன்னுரை எம்மாத்திரம்!

எங்கள் பையனின் ஃபைலிலும் ஆஸ்பெர்ஜர் என்றுதான் இருக்கிறது. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு அந்தப் பெயரை எடுத்துவிட்டு ஆட்டிசத்துக்குள் சேர்த்துவிட்டது. பெயர் போனாலும், அதைக் கேட்டதும் மனதில் வந்து நிற்கிற உருவம் போகவில்லை. கணக்கில் புலி, உணர்ச்சியில் சூன்யம், பொய்யே சொல்லத் தெரியாதவன். எங்கள் பையனுக்குக் கணக்கென்றாலே கசப்பு. டிபன் பாக்ஸைக் காலி செய்துவிட்டதாகக் கூசாமல் பொய் சொல்லுவான். அவனுக்கு ஒருவரைப் பிடித்துவிட்டால் அவர் கையை விடமாட்டான். நாள் முழுக்கக் கூடவே இருந்து அதைப் பார்த்தவள், பார்த்ததை விட்டுவிட்டுப் படித்ததை எழுதினாள்.

ஆட்டிசம் உள்ள சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012இல் ஒன்றை எழுதினார். புரிந்துகொள்ளும் சிக்கல் ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை, ஆட்டிசம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் நடுவில் இருக்கிறது என்றார். அதை அன்றே அவளுக்குச் சொல்லியிருக்கலாம். ‘அந்த வரியை அடிச்சுடும்மா, பார்த்ததை எழுது’ என்று மட்டும்தான் சொன்னேன். அடித்தாள். நம்பினாளா என்பது வேறு.

நாவலை எடுத்துவிட்டு, ஆட்டிசம் உள்ளவர்கள் தாங்களே எழுதியதைக் கொடுக்கலாம் என்கிறார் உடன் பணிபுரியும் ஒருவர். டெம்பிள் கிராண்டின் இருக்கிறாரே என்கிறார். நியாயம்தான், அவரையும் சேர்க்கத்தான் போகிறேன். ஆனால் கிராண்டின் தான் படங்களாகவே யோசிப்பதாக எழுதியவர். அடுத்த வருஷ ரெக்கார்டுகளில் எல்லாப் பிள்ளைகளும் படங்களாக யோசிக்க ஆரம்பித்துவிட்டால் என்ன செய்வது? அதற்குப் பயந்து எதையுமே படிக்கக் கொடுக்காமல் இருக்கவும் என்னால் முடியாது.