எங்கள் வீட்டு ஆக்சலாட்டலும் ஒரு கோடைக்காலமும்

டொராண்டோவில் எங்கள் வீட்டின் நிலவறையில் வெள்ளை நிற ஆக்சலாட்டல் ஒன்றை வளர்த்து வருகிறோம். மகள் அதற்கு முத்து என்று பெயரிட்டிருக்கிறாள். ஒரு கோடையில் அது நோயுற்று மீண்டது. அந்த நாட்களில் எதை எந்த வரிசையில் பார்த்தோம், எதைச் செய்தோம், எதைச் செய்யாமல் விட்டோம் என்பதைத் தமிழில் எழுதி வைத்தால், இந்த உயிரை வளர்ப்பவர்களுக்கும் வளர்க்க எண்ணுபவர்களுக்கும் உதவும் என்று நம்புகிறேன்.

ஆக்சலாட்டல் மீன் அன்று. தவளையைப் போல நீர்நில வாழ்வன வகுப்பைச் சேர்ந்த சலமாண்டர். மற்ற சலமாண்டர்களில் பல வளர்ந்தபின் செவுள்களை இழந்து கரையேறுகின்றன. இதுவோ தலையின் இருபுறமும் விரிந்த இறகு போன்ற செவுள்களுடன் வாழ்நாள் முழுவதும் நீரிலேயே இருந்து, அந்த நிலையிலேயே இனப்பெருக்கமும் செய்கிறது. இதன் தாயகம் மெக்சிகோ நகரின் தென்பகுதியில் உள்ள சோச்சிமில்கோ நீர்நிலைகள். அங்கே காட்டுநிலையில் இது அழிவின் விளிம்பில் இருக்கிறது. விற்பனைக்கு வருபவை மனிதர் வளர்ப்பில் பிறந்தவை. 1864-இல் மெக்சிகோவிலிருந்து பாரிஸுக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு சிறு கூட்டத்தின் சந்ததியே ஐரோப்பிய ஆய்வகங்களுக்கு முதலில் பரவியது. எங்கள் ஒண்டாரியோ மாகாணத்தில் வளர்க்கலாம் என்றாலும் எல்லா இடங்களிலும் அப்படியில்லை. கலிபோர்னியாவில் இதை வளர்ப்பதே சட்டவிரோதம். ஆகவே வாங்கும் முன் அவரவர் ஊரின் விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த விலங்கின் உடல்நலத்தில் பெரும்பகுதி தண்ணீரின் நலமே என்பதால், முத்து வருவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே தொட்டியை நிரப்பி வடிகட்டியை ஓடவிட்டோம். கழிவிலிருந்து உண்டாகும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை ஓரளவு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் வடிகட்டியின் பஞ்சில் குடியேற அவ்வளவு காலம் பிடிக்கிறது. துளித்துளியாக அமோனியா சேர்த்து, ஒரே நாளில் அது முழுவதும் மறைந்து, நைட்ரைட்டும் சுழியமாகி, நைட்ரேட் மட்டும் ஏறும் நிலை வந்த பிறகுதான் தொட்டி தயார் என்று கொண்டோம். டொராண்டோ குழாய்நீரில் குளோரினும் அமோனியாவும் சேர்ந்த குளோரமின் என்ற கிருமிநாசினி கலந்திருக்கிறது. வாளியில் பிடித்து ஒரு நாள் வைத்திருந்தால் குளோரின் போய்விடும், குளோரமின் போகாது. அதைப் பிரிக்கும் மருந்தைச் சேர்த்தே தீரவேண்டும். கற்றாழைச் சாறு கலந்த மருந்துகளை நீர்நில வாழ்வனவற்றுக்குத் தவிர்ப்பது நல்லது. குளோரமினைப் பிரித்தவுடன் சோதனைக் குழாயில் அமோனியா சிறிது தெரிவது இயல்பு; உயிருள்ள வடிகட்டி அதை விரைவில் எடுத்துக்கொள்ளும்.

தொட்டியின் அடியில் கூழாங்கல் போடக் கூடாது. ஆக்சலாட்டல் இரையை வாயால் உறிஞ்சி விழுங்குகிறது. அருகில் கிடக்கும் கல்லும் கூடவே உள்ளே போய்க் குடலை அடைத்துவிடும். மிக நுண்ணிய மணல், அல்லது வெறும் கண்ணாடித் தளம், இரண்டில் ஒன்றே போதும். கண்ணிமை இல்லாத உயிர் என்பதால் மங்கிய வெளிச்சமும் ஒளிந்துகொள்ள இரண்டு மூன்று குகைகளும் வைத்தோம். வடிகட்டியின் நீரோட்டத்தைச் சுவரை நோக்கித் திருப்பினோம். எல்லாவற்றையும்விட முக்கியமானது குளிர்ச்சி: 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை சிறந்தது, 20 வரை தாங்கும், அதற்கு மேல் ஏற ஏற உடல் தளர்ந்து நோய்க்கு இடம் கொடுக்கும்.

முத்துவைப் பார்க்கும் முறையொன்றை நாங்கள் வழக்கமாக்கிக் கொண்டோம். செவுள் இழைகள் நிறைந்து, பின்னோக்கித் தளர்ந்து இருக்கின்றனவா, அல்லது முகத்தை நோக்கி முன்னே வளைந்திருக்கின்றனவா? வால் நுனி நேராக இருக்கிறதா, கொக்கிபோல் மடிந்திருக்கிறதா? தோலில் வெண்பஞ்சு படிந்திருக்கிறதா, விரல்களிலோ வயிற்றிலோ சிவப்பு தெரிகிறதா? மேலிருந்து பார்க்கும்போது வயிற்றின் அகலம் தலையின் அகலத்துக்கு ஏறத்தாழ ஒத்திருக்கிறதா? இவற்றுடன் கழிவு, பசி, மிதப்பு ஆகியவற்றையும் பார்ப்போம். அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கிச் செல்வது நோயன்று, அதற்கு நுரையீரலும் உண்டு. ஆனால் அடிக்கடி மேலே வந்தாலோ, இறங்க முடியாமல் மிதந்தாலோ கவனிக்க வேண்டும். வெள்ளை நிற ஆக்சலாட்டலின் செவுள் ஓடியாடும்போது சிவந்தும் ஓய்வில் வெளிறியும் தெரியும் என்பதால் நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

ஜூலை மாதத்தில் வெப்ப அலை நீடித்தபோது, வழக்கமாகக் குளிர்ந்திருக்கும் நிலவறையிலும் தொட்டி 23 டிகிரியைத் தொட்டது. முத்து முதலில் மண்புழுவை வாயில் வாங்கித் துப்பியது. பிறகு திரும்பியும் பார்க்கவில்லை. வால் நுனி மடிந்தது, செவுள்கள் முன்னே வளைந்தன. அடுத்து ஒரு செவுளின் ஓரத்தில் பஞ்சுத் துணுக்கு போன்ற வெண்படலம் தெரிந்தது. மகள் மிகவும் கலங்கிப் போனாள். எனக்கும் மனம் பதைத்தது. என்றாலும் மருந்தைத் தேடும் முன் தண்ணீரைச் சோதித்தோம். அமோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியம், நைட்ரேட் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு உள்ளே. தண்ணீரில் நஞ்சில்லை, வெப்பமே காரணம் என்று அந்தச் சோதனையிலிருந்து தெளிந்தது. அது தெரிந்ததால் அடுத்த படிகள் அனைத்தும் எளிதாயின.

மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் குளோரமின் நீக்கிய நீரை நிரப்பி முத்துவை அதற்கு மாற்றினோம். கையால் தூக்காமல், தண்ணீருக்குள்ளேயே ஒரு கிண்ணத்தில் ஏறவிட்டுக் கிண்ணத்தோடு எடுத்தோம். தோலின் மேலுள்ள வழவழப்பே அதன் கவசம். அந்தச் சிறு பெட்டியில் வடிகட்டி கிடையாது, ஆகவே நாள்தோறும் நீர் முழுவதையும் மாற்றினோம். புதிய நீர் பழைய நீரின் வெப்பநிலைக்கு மிக அருகில் இருக்கும்படி பார்த்து, ஒவ்வொரு முறையும் சிறிதளவு மட்டுமே குறைத்தோம். உறைந்த தண்ணீர்ப் போத்தலைத் தொட்டியில் போடும் வழக்கம் பலரிடம் உண்டு. அது உருகும்போது வெப்பநிலை கீழே சரிந்து மீண்டும் ஏறுகிறது, அந்த ஏற்ற இறக்கம் நோயுற்ற உடலுக்கு இன்னொரு சுமை என்பது என் கருத்து. பெரிய தொட்டியின் நீர்ப்பரப்பின் மேல் மின்விசிறி வீசும்படி வைத்தோம். ஆவியாதலால் இரண்டு மூன்று டிகிரி இறங்கியது, ஆவியான அளவுக்கு நீரைச் சேர்த்துக்கொண்டே வந்தோம்.

உப்புக் குளியல் கொடுக்கச் சொல்லி நண்பர்கள் அறிவுரை தந்தார்கள். பூஞ்சைக்கு அது பயன்படுகிறது என்று அனுபவசாலிகள் பலர் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் உப்பு செவுளையும் தோலையும் எரிச்சலூட்டக்கூடியது, ஏற்கெனவே உண்ணாமல் சோர்ந்திருந்த உயிருக்கு மருத்துவர் சொல்லாமல் அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மீன்களுக்கென்று விற்கப்படும் மருந்துகளில் இன்னும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். செம்பும் மாலகைட் பச்சை என்னும் சாயமும் கலந்தவை மீனுக்கு ஏற்றிருந்தாலும், எதையும் எளிதில் உள்வாங்கும் இந்தத் தோலுக்கு ஆபத்தானவை.

நாய், பூனை மட்டும் பார்க்கும் மருத்துவமனைகள் ஆக்சலாட்டலைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஊர்வனவும் நீர்நில வாழ்வனவும் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவரைத் தொலைபேசியில் விசாரித்துக் கண்டோம். விலங்கை வாங்கும் முன்பே அப்படி ஒருவரைத் தெரிந்து வைத்திருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அன்று உணர்ந்தேன். பெட்டியைக் குளிர்காப்புப் பையில் வைத்து, பனிக்கட்டிப் பொதிகளைப் பெட்டிக்கு வெளியே அடுக்கி, தொட்டி நீரின் மாதிரியைத் தனிப் புட்டியில் எடுத்துச் சென்றோம். வெப்பநிலையும் நீர்ச்சோதனை முடிவுகளும் கடைசியாக உண்ட நாளும் எழுதிய தாளைக் கொடுத்தபோது மருத்துவர் முதலில் அதைத்தான் முழுமையாகப் படித்தார். எடை பார்த்தார், செவுள் ஓரத்திலிருந்து சிறிது எடுத்து நுண்ணோக்கியில் பார்த்துப் பூஞ்சையென்று உறுதி செய்தார், குடலில் கல் அடைப்பு இல்லையென்று எக்ஸ்-கதிர்ப் படத்தில் காட்டினார். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துக் குளிரூட்டலாமா என்று கேட்டேன். இந்த நிலைக்கு அது தேவையில்லை, மெதுவாக 17-க்குக் கொண்டுவந்து தண்ணீரைத் தூய்மையாக வைத்தால் போதும் என்று சொல்லி, பூஞ்சைக்கு மேற்பூச்சு மருந்தொன்றைக் குறைந்த அளவில் எழுதித் தந்தார்.

வெப்பம் தணிந்த சில நாட்களில் வால் நேரானது. வெண்படலம் உதிர்ந்த இடத்தில் செவுள் இழைகள் குட்டையாக, நைந்து தெரிந்தன. பிறகு அவை வளர்ந்து மற்ற பக்கத்தோடு ஒத்து நின்றதைப் பார்த்தோம். இழந்த காலையே திரும்ப வளர்க்கும் உயிர் இது என்று படித்திருந்தாலும், கண்முன் நடப்பதைக் காண்பது வேறு. மண்புழுவின் சிறு துண்டை முதலில் எடுத்துக்கொண்டது. முழுப் புழுவை உண்டு கழிவும் சரியாக வந்த பிறகே பெரிய தொட்டிக்கு மாற்றினோம். அதற்குள் தொட்டி நீரைக் குளிரூட்டும் கருவியொன்றை வாங்கிப் பொருத்தியிருந்தோம். விலை அதிகம்தான், எனினும் கோடை கடுமையான ஊரில் இதை வாங்க இயலாதவர்கள் ஆக்சலாட்டலை வாங்காமல் இருப்பதே அந்த உயிருக்குச் செய்யும் நன்மை என்று உறுதியாகச் சொல்வேன்.

இப்போது வாரம் ஒருமுறை நீர்ச்சோதனையும், மாதம் ஒருமுறை மேலிருந்து ஒரே உயரத்தில் எடுத்த படமும் குறிப்பேட்டில் சேர்கின்றன. வளர்ந்த விலங்கு என்பதால் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை மட்டுமே உணவு. வயிறு தலையைவிட அகன்றால் ஒரு வேளையைக் குறைக்கிறோம். குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் மருத்துவரின் தொலைபேசி எண்ணை மகள் எழுதி வைத்திருக்கிறாள்.