புதுப்பித்த மார்க் 2 அம்பாசடர்: சொல்லும் விலை தகுமா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பெரிய வீட்டுக் கார் கொட்டகைகளிலிருந்து வெளியே வரும் அம்பாசடருக்கு இப்போது நல்ல கிராக்கி. அதிலும் பழைய மார்க் 2 மாடல் என்றால் விற்பவர் குரலே மாறிவிடும். “நட்டு போல்ட் வரை கழற்றிச் செஞ்சது, பில்லெல்லாம் இருக்கு” என்பார். பில்களைக் கூட்டினால் வருவது அவருடைய செலவு. அந்தப் பணம் தகட்டுக்குப் போனதா பெயிண்டுக்குப் போனதா என்று பார்த்த பிறகுதான் விலையைப் பேசவே ஆரம்பிக்கலாம்.

அம்பாசடருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. பாடிதான் எல்லாச் சுமையையும் தாங்குகிறது. எஞ்சினை எத்தனை முறை வேண்டுமானாலும் பிரித்துக் கட்டலாம். தரைத் தகடும், கதவுக்குக் கீழே ஓடும் சில்லும் அரித்துப்போன பாடியை நேராக்குவதுதான் பணத்தைத் தின்னும் வேலை. ஆகவே பானெட்டைத் திறக்க அவசரப்பட வேண்டாம். மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தம், டார்ச், ஸ்க்ரூடிரைவர், படுத்துப் பார்க்க ஒரு சாக்கு, இவை போதும்.

கதவுகளின் அடிப்பாகம், சக்கர வளைவின் ஓரம், ஹெட்லைட்டுக்குக் கீழ்ப்பகுதி, சில் முழுநீளம் என்று காந்தத்தை நகர்த்திக்கொண்டே போங்கள். மேடு பள்ளம் தெரியாமலிருக்க மெல்லிசாகப் பட்டி பார்ப்பது எல்லாப் பட்டறையிலும் உண்டு, அது குற்றமில்லை. அங்கே காந்தம் பிடிக்கும். பிடிக்காமல் வழுக்கி விழுகிற இடத்தில் தகட்டுக்குப் பதில் பட்டிதான் இருக்கிறது. விரல் முட்டியால் தட்டினால் ‘டங்’ என்பதற்குப் பதில் ‘மொத்’ என்று கேட்கும். அப்படி அப்பிய பட்டி நம்மூர் வெயிலில் சீக்கிரமே வெடிக்கும், உள்ளே ஈரம் இறங்கும், பெயிண்ட் கொப்பளிக்கும்.

அடுத்தது அடிப்பக்கம். புதிதாகக் கறுப்பு அண்டர்கோட்டிங் கெட்டியாக அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். முன் சக்கரத்துக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பி பின்னால் வந்து பிடிக்கும் இடம், பின் பட்டை ஸ்பிரிங் தொங்கும் கொக்கிகள், பெடலுக்குக் கீழே தரை, இந்த மூன்றையும் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். அரித்த தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத்தகடு பற்ற வைப்பது ஒரு வேலை. துருவின் மேலேயே ஒட்டுப் போடுவது வேறு வேலை. பில்லில் இரண்டும் ‘டிங்கரிங்’ என்றுதான் இருக்கும். கடைசியாக ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, அந்தப் பக்கக் கதவுகளைத் திறந்து மூடுங்கள். இடைவெளி மாறினாலோ கதவு பிடித்தாலோ சில்லில் பலம் இல்லை. சொன்ன விலையில் பாதிக்குக்கூட அந்த வண்டி எனக்கு வேண்டாம்.

வண்டி எந்த ஊரில் கிடந்தது என்பதற்கும் விலையில் பங்குண்டு. அரிமானத்தை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் காரைக்குடியிலேயே இருக்கிறது. ஆனால் உலோகம் கடல்காற்றில் எப்படி அரிக்கிறது என்று பார்க்க அவர்களே கடலோர ஊரான மண்டபத்தில் ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். ராமேஸ்வரத்திலோ தூத்துக்குடியிலோ ஓடிய வண்டியைவிட இங்கே கொட்டகையில் நின்ற வண்டியின் தகடு பெரும்பாலும் தேவலை. ஆனால் நின்ற வண்டிக்கு வேறு நோய்கள் உண்டு. பிரேக் சிலிண்டர் ரப்பர் இறுகியிருக்கும், பெட்ரோல் டாங்கில் பிசின் படிந்திருக்கும், எலி ஒயரைக் கடித்திருக்கும், குளவி எங்காவது மண்கூடு கட்டியிருக்கும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸும் பம்ப் டயாஃப்ரமும் அதைத் தாங்காது. எத்தனாலுக்கு ஏற்ற ஹோஸ் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். விழிக்கிறவர் நட்டு போல்ட் வரை கழற்றியிருக்க மாட்டார்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். போனதும் ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார். நன்றாகச் சூடேறிய பின் நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன், அதாவது பிஸ்டன் அமுக்கும் அழுத்தம், அளந்தால் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. குறைவாக இருப்பதில் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. ஓட்டும்போது மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு இறக்கினால் கரகரக்கிறதா என்று கவனியுங்கள். முதல் கியர் கரகரப்பதை வைத்து விலை குறைக்க முடியாது. கரகரக்காமல் கியர் விழ வைக்கும் சிங்க்ரோ அதற்குக் கிடையவே கிடையாது.

மார்க் 2க்கு உரியது 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். டீசல் மலிவாக இருந்த காலத்தில் மெட்டடோர் வேனின் டீசல் எஞ்சினைப் போட்ட வண்டிகள் ஏராளம். அப்படிப்பட்டதை அசல் பழைய வண்டியின் விலைக்கு வாங்காதீர்கள். 2021இல் வந்த விண்டேஜ் (பழங்கால வண்டி) விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டி, பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் இல்லாமல் இருந்தால்தான் ‘வி.ஏ.’ வரிசை எண் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும். கல்யாண வாடகைக்கோ ஹோட்டல் விருந்தாளிகளை ஏற்றவோ ஆசைப்படுகிறவர்கள் கவனிக்க: அந்த எண்ணில் வணிகத்துக்கும் அன்றாடத்துக்கும் ஓட்டக் கூடாது.

இந்தப் பக்கத்தில் பேரம் உடைவது பெரும்பாலும் காகிதத்தில்தான். ஆர்.சி. இன்னும் ஐயா பேரிலேயே கிடக்கும். ஐயா போய் முப்பது வருஷம் ஆகியிருக்கும். வாரிசுக்கு மாற்ற படிவம் 31, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் வேண்டும். பங்காளிகளில் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தால் அந்தக் கையெழுத்துக்கு எத்தனை மாதம் என்று யாரும் சொல்ல முடியாது. வண்டியில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் பிரிண்ட் எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள், எண்ணைச் சுற்றிப் புதிதாகக் கிரைண்டர் பட்ட தடம் இருந்தால் அங்கேயே எழுந்துவிடலாம்.

இனி கணக்கு. அதே வயதில் அரிக்காத பாடி, ஓடுகிற நிலை, சரியான ஆர்.சி. உள்ள, ஆனால் புதுப்பிக்காத மார்க் 2 என்ன விலைக்குக் கைமாறுகிறது என்று இரண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள். அதன் மேல் தகட்டு வேலை, பிரேக், ஒயரிங் ஆகியவற்றின் பில்லை, வேலை நடந்தபோது எடுத்த படம் இருந்தால் மட்டும், முழுசாகச் சேருங்கள். எஞ்சின் வேலைக்குப் பாதி. பெயிண்ட், சீட் கவர், குரோமியத்துக்குக் கால்பங்கு போதும். அது விற்பவரின் ரசனை, உங்களுடையது இல்லை. காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோயில் தெருவில் நிலைக்கதவு வாங்குகிறவரும் பாலிஷுக்கு விலை கொடுப்பதில்லை. அரித்த இடம் ஒவ்வொன்றுக்கும் உங்கள் டிங்கரிடம் கேட்டுக் கழியுங்கள். ஆர்.சி. மாறாத வண்டிக்கு, மாற்றிக் கொடுத்த பிறகே மீதி என்று எழுதி வாங்கிக்கொண்டு சிறு தொகை மட்டும் அட்வான்ஸ் கொடுங்கள்.