'வந்துடுவான் போ' என்று சொன்னால் திரும்பி வராதீர்கள்

சித்தப்பா மகனையும் அவன் பெண்டாட்டியையும் பொங்கல் கழிந்து ஒரு மேஸ்திரி (வேலைக்கு ஆள் சேர்ப்பவர்) செங்கல் சூளைக்கு அழைத்துப்போனார். முன்பணம் கைமாறியது. எந்த ஊர்ச் சூளை என்று சொல்லவில்லை. கொஞ்ச நாளில் தம்பியின் போன் அணைந்தது, மேஸ்திரியும் எடுக்கவில்லை.

நாங்கள் இருளர், பழங்குடி மக்கள். திருட்டு நடந்தால் முதலில் எங்கள் ஆண்களைத் தேடி வருவார்கள் என்பதால், ஸ்டேஷன் படி ஏறவே சித்தப்பா பயந்தார். பயந்தபடியே நடந்தது. அறுபதைத் தாண்டியவரை ரைட்டர் (ஸ்டேஷனில் புகார் எழுதும் போலீஸ்காரர்) ஒருமையில்தான் பேசினார். "உங்க ஆளுங்க ஊர் ஊராப் போறவங்கதானே, வந்துடுவான் போ." ஒரு வீட்டுப் பிள்ளை காணாமல் போனதாகவே அவருக்குப் படவில்லை. மறுபடி போனபோது, "அது எங்க லிமிட் இல்ல" என்றார். எல்லை எதுவானாலும் புகாரை வாங்கிப் பதிய வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. கேட்டால், போட்டோ கொண்டுவா, ஆதார் கொண்டுவா என்று அலையவிட்டார்கள்.

இலவசச் சட்ட உதவி எண் 15100-க்குப் பேசினோம். பழங்குடியினருக்கு வழக்கறிஞர் இலவசம். வந்த வக்கீலம்மா முதலில் மனுவையே மாற்றினார். 'காணவில்லை' என்று மட்டும் எழுதினால் வரும்வரை காத்திரு என்பார்கள். 'முன்பணம் கொடுத்து அழைத்துப்போய் அடைத்து வைத்திருப்பதாகச் சந்தேகிக்கிறோம்' என்று எழுதச் சொன்னார். கொத்தடிமையாக வைத்திருப்பது 1976 சட்டப்படி போலீஸ் நேரடியாக வழக்குப் பதிய வேண்டிய குற்றம். எங்கள் சாதியையும் மேஸ்திரியின் சாதியையும் சேர்த்து எழுதினோம். அதை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, அடுத்தது உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுதான் (ஆளைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் மனு) என்றும் குறிப்பிட்டோம். 1993-இல் கம்மாபுரம் போலீஸ் கொண்டுபோன ராசாக்கண்ணு லாக்கப்பில் அடித்துக் கொல்லப்பட்டார் என்பது, அவர் மனைவி பார்வதி அந்த மனுவைப் போட்ட பிறகுதான் வெளியே வந்தது. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அது தெரியும். ஸ்டேஷனுக்கும் தெரியும் போல. அவர்களே கூப்பிட்டு, புகாரை வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். அது கையில் இல்லாமல் யாரும் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள்.

அப்புறம் போன் எந்த டவரில் கடைசியாக இருந்தது என்று பார்த்தார்கள், வேறு மாவட்டத்தில் இருவரும் கிடைத்தார்கள். போனை ஓனர் பிடுங்கி வைத்திருந்தார்.

கொத்தடிமையா என்று விசாரித்து விடுதலைச் சான்று கொடுப்பவர் கோட்டாட்சியர். அந்த விசாரணையில் கவனமாக இருங்கள். ஓனர் எதிரே நின்றதால் தம்பி, "நல்லாத்தான் வச்சிருந்தாங்க" என்றான். தனியாக விசாரிக்க வேண்டும் என்று வக்கீலம்மா விடாமல் நின்றார். தனியே கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டினான், அவன் பெண்டாட்டி சட்டையில்லாத அவன் முதுகைக் காட்டினாள். விடுதலைச் சான்றைக் குடும்பத்துக்கு ஒன்றாக எழுதப் பார்த்தார்கள். ஆளுக்கு ஒன்று கேட்டு வாங்கினோம். உடனடி உதவி ஒருவருக்கு 30,000 ரூபாய் வரை உண்டு. முழு மறுவாழ்வுத் தொகை ஓனருக்குத் தண்டனை கிடைத்தால்தான். அதற்கு எத்தனை வருஷம் ஆகுமோ!

எப்.ஐ.ஆரில் எஸ்.சி., எஸ்.டி. மக்கள் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவு இல்லை. தம்பியிடம் எஸ்.டி. சான்று இல்லை என்று காரணம் சொல்கிறார்கள். அதைக் கொடுக்க வேண்டியதும் அதே கோட்டாட்சியர் அலுவலகம்தான், விண்ணப்பம் அங்கேதான் கிடக்கிறது. வெளியூர் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இப்போதே சான்றுக்கு எழுதிப் போடுங்கள். மேஸ்திரியின் பெயர், ஊர், வண்டி எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகு அனுப்புங்கள். பிரிவைச் சேர்க்கச் சொல்லி டி.எஸ்.பி.க்கு மனு கொடுத்திருக்கிறோம். நகலில் முத்திரை வாங்கியாயிற்று.