எம்மா, எஸ்ஸா

மார்ச் 3
காப்பீட்டு நிறுவனத்தில் என் கிளெய்மை மறுத்துவிட்டார்கள். "முன்பே இருந்த நோய்." கீழே பொடி எழுத்தில் ஒரு குறியீடு: எம்51.2.

மார்ச் 4
உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 நோய்க் குறியீட்டுப் பட்டியலை நானே புரட்டினேன். எம் என்றால் எலும்பு, தசை நோய்கள். எஸ் என்றால் காயம். எம்51.2 முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க் விலகல், எஸ்33.0 அடிபட்டு இடுப்பு டிஸ்க் கிழிவது. ஏணியிலிருந்து விழுந்தவளுக்கு எந்த எழுத்து? டிஸ்சார்ஜ் சம்மரியில் எஸ்தான் இருக்கிறது. நடுவில் மாற்றியது யார்? கிளெய்ம் கோப்பு முழுவதையும் கேட்டு எழுதிவிட்டேன்.

மார்ச் 11
பதில் இல்லை. இதையும் படுத்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

மார்ச் 19
"இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது." பிறகு 47 நிமிடம் அதே இசை. கடைசியில் ஒரு பெண், "மருத்துவ ஆவணங்களை மருத்துவமனையில் கேளுங்கள் மேடம்" என்றாள். அவை என்னிடம் இருக்கின்றன, அம்மா. நீங்கள் எழுதியதைத்தான் கேட்கிறேன்: எந்த மருத்துவர் பார்த்தார், எந்த விதியை வைத்து மறுத்தார்? "அது உள் ஆவணம்." என் முதுகைப் பற்றியது, எனக்கு மட்டும் வெளியே! சரி, ஒப்புதல் வந்துவிடும் என்று பிப்ரவரியில் ஒருவர் சொன்னாரே, அந்தப் பதிவையாவது கொடுங்கள் என்றேன். பதிவுகளை வாடிக்கையாளருக்குத் தருவதில்லையாம். பிறகு யாருக்காகப் பதிவு செய்கிறார்கள்?

மார்ச் 27
விண்ணப்பம் திரும்பி வந்தது. கையெழுத்து பொருந்தவில்லையாம். மல்லாந்து படுத்துப் போட்ட கையெழுத்து எப்படிப் பொருந்தும்?

ஏப்ரல் 2
தபால் இல்லை.

ஏப்ரல் 9
நேற்று நன்றாகத் தூங்கினேன். ஏணி வரவில்லை.

ஏப்ரல் 16
வந்துவிட்டது. 138 பக்கம். பாதிக்கு மேல் நான் அனுப்பியவையே திரும்பி வந்திருக்கின்றன, சில தலைகீழாக. 91ஆம் பக்கத்தில் மருத்துவ ஆலோசகரின் கருத்து. பெயர் மேல் கறுப்புப் பட்டை, காரணத்தின் மேலும் கறுப்புப் பட்டை. "உடன்படுகிறேன்" என்ற ஒரு சொல்லை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். யாரோடு?

ஏப்ரல் 17
டிஸ்சார்ஜ் சம்மரி முதல் பக்கம், அடுத்தது மூன்றாம் பக்கம். இரண்டைக் காணோம். அசலை எடுத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் அச்சடித்த தாள். முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்திருக்கிறார்கள். ஏணி, விழுந்த தேதி, எஸ்33.0 எல்லாம் பின்பக்கத்தில் இருக்கின்றன. சிரித்தேன். சிரித்தால் வலிக்கிறது.

அந்த "உடன்படுகிறேன்" இன்னும் உறுத்துகிறது. பாதித் தாளைப் பார்த்து உடன்பட்டவர் யார்?

ஏப்ரல் 18
பின்பக்கத்தின் நகலை வைத்து மேல்முறையீடு எழுதத் தொடங்கினேன். உட்கார்ந்துதான். பதினைந்து நிமிடம்.