ஹாரனைக் கொடுத்து வாங்கிய காற்று

மனைவியின் சித்தி மகளுக்குக் குன்னூரில் நிச்சயதார்த்தம். மேட்டுப்பாளையம் தாண்டும்வரை கார் சமர்த்தாகத்தான் வந்தது. கல்லாறு கடந்து ஏற்றம் தொடங்கியதும் வெப்பம் காட்டும் முள் மெல்லத் தலைதூக்கியது.

"மாமா, இன்ஜின் சூடாகிறது."

"தெர்மோஸ்டாட்" என்றார் மாமனார், மூடிய கண்ணைத் திறக்காமலேயே. இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரைச் சூட்டுக்கேற்பத் திறந்துவிடும் வால்வைத்தான் சொன்னார். அவருக்கு ஓட்டத் தெரிந்த ஒரே வாகனம் சைக்கிள்.

ஹீட்டரைப் போட்டால் இன்ஜின் சூட்டில் கொஞ்சம் உள்ளே வந்துவிடும், இன்ஜினுக்கு நிம்மதி. போட்டேன். மலைக்குளிருக்குப் பயந்து குரங்குக் குல்லாவும் ஸ்வெட்டருமாக வீட்டிலேயே தயாராகி ஏறியிருந்தவர், இரண்டு வளைவுக்குள் இட்லியாக வெந்துவிட்டார்.

பர்லியாரில் ஓரங்கட்டினேன். மங்குஸ்தான் கடைகளுக்கு எதிரே பானட்டைத் தூக்கியதுதான் தாமதம், வைத்தியர்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் வாட்டர் பம்ப் என்றார். இன்னொருவர் ஹெட் கேஸ்கட் என்று சொல்லி, துக்கம் விசாரிப்பதுபோல் என் தோளைத் தொட்டார். டீக்கடைக்காரர் மட்டும் ஆறுதலாகப் பேசினார்: "1899-லிருந்து குன்னூருக்கு ஏறுகிற மலை ரயிலே ஹில்குரோவில் நின்று தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போகிறது. உங்கள் வண்டி நிற்பதில் என்ன குறை?"

"குளிர்ந்த ஊருக்குப் போகிற வண்டி ஏன் சூடாகிறது?" என்றாள் மனைவி. உயரம் ஏற ஏறத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், ஊட்டியில் சுமார் 93 டிகிரியே போதும், அதனால்தான் ரேடியேட்டரை அழுத்த மூடி போட்டு இறுக்கி வைத்திருக்கிறார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அந்த மூடியைத் திறக்கத்தான் மாமனார் துண்டோடு குனிந்துகொண்டிருந்தார். பலாச்சுளை விற்ற அம்மாள் பாய்ந்து வந்து கையைப் பிடித்தாள். "ஐயா, ஆவி அடித்தால் முகம் போய்விடும்!" நான் கற்ற அறிவியலைவிட அந்த அம்மாளின் பிடி வேகமானது.

அரைமணி நேரம் ஆறவிட்டோம். அதற்குள் கேரட் மூட்டைகளோடு இறங்கி வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் டீ குடிக்க நிறுத்தினார். எங்கள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, சமதரையில் சூடாகியதா?"

"இல்லை அண்ணா."

"அப்படியானால் ரேடியேட்டர் ஃபேனைப் பாருங்கள். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே வேலையைச் செய்துவிடும். இரண்டாவது கியரில் ஊர்ந்து ஏறும்போது ஃபேன்தான் கதி."

ஏசியைப் போடச் சொன்னார். உடனே சுற்றியிருக்க வேண்டிய ஃபேன் அசையவில்லை. ஃபியூஸை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். கம்பி அறாமல் இருந்தது. அடுத்து, ஃபேனுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சான, பாதித் தீப்பெட்டி அளவுள்ள கறுப்பு ரிலேயின்மேல் விரலை வைத்து, மறுபடி ஏசியைப் போடச் சொன்னார். 'டிக்' என்று துடிக்க வேண்டியது துடிக்கவில்லை. பக்கத்தில் அதே அச்சில் இருந்த இன்னொன்றின் எண்ணை ஒப்பிட்டுப் பார்த்து, பிடுங்கி இதில் செருகினார். ஃபேன் 'உர்ர்' என்று சீறியது. ஹெட் கேஸ்கட்காரர் முகத்தில் மட்டும் ஏமாற்றம்.

"அது எதனுடைய ரிலே அண்ணா?"

"ஹாரனுடையது" என்று சொல்லிவிட்டு டீக்குத் திரும்பிவிட்டார்.

வளைவுக்கு வளைவு ஒலி எழுப்ப வேண்டிய பாதை அது. பதவி தானாக மாமனாரைத் தேடி வந்தது. கண்ணாடியை இறக்கி, குல்லாத் தலையை வெளியே நீட்டி, ஒவ்வொரு திருப்பத்திலும் "ஹோய்ய்! வண்டி வருகிறது!" என்று முழங்கினார். இறங்கி வந்த பஸ் ஒன்று அப்படியே நின்றுவிட்டது. ஏறுகிற வண்டிக்கு வழிவிடுவதுதான் மலைப்பாதை மரபு. ஆனால் அந்த ஓட்டுநர் முகத்தைப் பார்த்தால் அவர் மரபுக்காக நின்றதாகத் தெரியவில்லை.

குன்னூர்வரை முள் நடுவிலேயே நின்றது. கடைத்தெருவில் புது ரிலே வாங்கிப் போட்டேன், ஹாரனும் வந்தது. மாமனாருக்குத்தான் குரல் போய்விட்டது. நிச்சயதார்த்த வீட்டில் மாப்பிள்ளையின் அப்பா, "வழியில் என்ன தாமதம்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் அவர் காதருகே குனிந்து, இருந்த காற்றையெல்லாம் திரட்டிச் சொன்னார்:

"தெர்மோஸ்டாட்."