போன் ஒன்றுக்கு நூறு ரூபாய்

அலமாரியைச் சுத்தம் செய்யும்போது பழைய ரெட்மி 1எஸ் கையில் கிடைத்தது. சார்ஜ் ஏறவில்லை. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை.

2014 டிசம்பரில் இதெல்லாம் கோர்ட் வாசல் ஏறிய சரக்கு. எங்கள் எட்டு காப்புரிமைகளைக் காசு கொடுக்காமல் பயன்படுத்துகிறார்கள் என்று, ரெட்மியைத் தயாரிக்கும் சியோமி மீது ஸ்வீடனின் தொலைத்தொடர்பு நிறுவனமான எரிக்சன் வழக்குப் போட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் விற்பனைக்கே தடை விதித்தது.

சில நாட்களில் பாதித் தடை தளர்ந்தது. குவால்காம் சிப் உள்ள போன்களை மட்டும் விற்கலாம், ஒரு போனுக்கு 100 ரூபாய் டெபாசிட் கட்டவேண்டும்.

அதனால் 1எஸ் தப்பித்தது. மீடியாடெக் சிப் வைத்த ரெட்மி நோட் 3ஜி மாட்டிக்கொண்டது. வாங்குகிற நமக்கு உள்ளே எந்த சிப் என்று யார் சொன்னார்கள்?

இத்தனைக்கும் எரிக்சன் அதற்கு முன்பே, 2012-இல், போன் வியாபாரத்தை சோனியிடம் விட்டுவிட்டு விலகியிருந்தது. கடையை மூடிவிட்டு வாடகை வசூலிக்கிற மாதிரிதான் தோன்றும். ஆனால் 3ஜி தொழில்நுட்பத்தில் அவர்கள் உழைப்பும் உண்டு, அதற்குக் கூலி கேட்பது நியாயம்தான்.

அந்தக் கூலியை எதை வைத்துக் கணக்கிடுவது? சிப் விலையிலா, முழு போன் விலையிலா? முழு போன் விலை என்றால், நல்ல கேமராவால் விலை ஏறும்போது சிக்னலுக்கும் ஏன் கூடுதல் காசு?

இந்தச் சண்டையை நம்மூர் போன் நிறுவனங்களான மைக்ரோமேக்ஸும் இன்டெக்ஸும் 2013-லேயே, சந்தையில் பெரிய நிறுவனங்கள் ஆதிக்கம் செலுத்தாமல் பார்த்துக்கொள்ளும் இந்தியப் போட்டி ஆணையத்திடம் கொண்டுபோயின. விசாரணைக்கு உத்தரவும் வந்தது. அப்புறம் 2023-இல் டெல்லி உயர் நீதிமன்றம், இது ஆணையத்தின் வேலையல்ல, காப்புரிமைச் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டது.