கார்ப்பெட்டில் ஊற்றிய அரை வாளித் தண்ணீர்

ராத்திரி இரண்டரை மணி இருக்கும். ஹாலில் எங்கள் நாய் மணி முனகுவது கேட்டு எழுந்து போனேன். பாவம், வயிறு சரியில்லை. சோபா ஓரத்தில் கார்ப்பெட் முழுக்க அசிங்கம் செய்துவிட்டு, காதை மடக்கிக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தான். அவனைத் தட்டிக்கொடுத்துவிட்டு, காகிதத்தால் வாரி எடுத்தேன். அப்புறம் குளியலறைக்குப் போய் அரை வாளித் தண்ணீர் பிடித்துவந்து அந்த இடத்தில் ஊற்றினேன்.

ஊற்றிய பிறகுதான் உறைத்தது. தண்ணீர் எங்கேயும் ஓடவில்லை.

ஊரில் என்றால் அது தானாகவே வாட்டம் பார்த்து மூலைக்கு ஓடியிருக்கும். விளக்குமாற்றால் நாலு தள்ளு தள்ளினால் சுவரோரத்து ஓட்டை வழியாக வெளியே போயிருக்கும். அரை மணி நேரத்தில் தரை காய்ந்து, வெறுங்காலுக்குச் சில்லென்று இருக்கும். இங்கே தண்ணீர் அப்படியே உள்ளே இறங்கி மறைந்தது. நான் வாளியைப் பிடித்தபடி நின்றேன். இந்த நாட்டுக்கு வந்து மூன்று வருடம் ஆகியும், தூக்கக் கலக்கத்தில் என் கை ஊரில்தான் இருந்திருக்கிறது.

சத்தம் கேட்டு மகளும் கணவரும் எழுந்து வந்தார்கள். வீட்டில் இருந்த துண்டையெல்லாம் கொண்டுவந்து விரித்து, மூவரும் அதன்மேல் ஏறி நின்றோம். நின்று, மிதித்து, நனைந்ததை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டு, மறுபடி ஏறி நின்று. மணிக்கு அதற்குள் தெம்பு வந்துவிட்டது. விளையாட்டு என்று நினைத்து அவனும் வந்து நடுவில் நின்றுகொண்டான். அந்த நேரத்திலும் மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் அம்மாவிடம் போனில் சொன்னேன். “அதுக்கு என்னடி, கம்பளத்தைத் தூக்கி வெளியில போட்டு அலசிக் காயப்போடு” என்றார். சுவரோடு சுவராக இழுத்து ஒட்டிய கம்பளம் இது, வீட்டைவிட்டுத் தனியாக எடுக்க முடியாது என்று புரியவைக்க வெகுநேரம் ஆயிற்று. கடைசியில், “அப்போ அந்த வீட்டைக் கழுவவே மாட்டீங்களா?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. தலைமுடி நனைய, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வீடு முழுக்கக் கழுவிவிடும் அம்மா கண்முன் வந்துவிட்டார்.

வாரம் ஒன்று போனது. கறை போய்விட்டது, நாற்றம் போகவில்லை. நாய் வளர்க்கும் எல்லா வீட்டுக்கும் பொதுவான விஷயம் இது. மேலே தெரியும் இழை கார்ப்பெட்டின் ஒரு பகுதிதான். அதற்குக் கீழே அடித்துணி, அதற்கும் கீழே பஞ்சு மாதிரி ஒரு மெத்தை. மேலே உள்ளங்கை அளவு தெரியும் மூத்திரம் அடியில் தட்டு அளவுக்குப் பரவியிருக்கும். அதில் இருக்கிற யூரிக் அமிலம் காய்ந்து படிகமாகிவிடும். தண்ணீரில் அது சரியாகக் கரையாது. அதனால்தான் துடைத்துத் துடைத்துப் போய்விட்டது என்று நினைப்போம், மழை பெய்து காற்றில் ஈரம் ஏறினால் மறுபடி மணக்கும். நமக்கே மணக்கிறது என்றால் நாய் மூக்குக்கு எப்படி இருக்கும்? அது அந்த இடத்துக்கே திரும்பத் திரும்பப் போவதில் ஆச்சரியம் இல்லை. அதைத் திட்டுவது நியாயமே இல்லை.

மகள் ஒரு புற ஊதா டார்ச் வாங்கி வந்தாள். விளக்கை எல்லாம் அணைத்துவிட்டுத் தரையில் அடித்தால் பழைய மூத்திரக் கறை மங்கலாக ஒளிரும். ஹாலில் ஐந்து இடம் தெரிந்தது, எதிர்பார்த்ததுதான். ஆனால் மாடி அறையில், மணி ஒருநாளும் காலெடுத்து வைக்காத மூலையில், இன்னும் நாலு. எங்களுக்கு முன்னால் இந்த வீட்டில் வேறொரு பிராணி இருந்திருக்கிறது. நாயோ பூனையோ தெரியாது, எத்தனை வருடத்துக்கு முன்னால் என்பதும் தெரியாது. அதன் சுவடு மட்டும் இந்தக் கார்ப்பெட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. அன்றைக்கு முடிவு செய்தேன், கார்ப்பெட் கழுவும் மெஷின் வாங்காமல் தீராது.

வாங்குவதற்கு முன் பக்கத்து வீட்டுக்காரரிடம் பெரிய மெஷின் ஒன்றை இரவல் கேட்டு ஓட்டிப் பார்த்தது நல்லதாய்ப் போயிற்று. வாக்குவம் கிளீனர் மாதிரி நின்றுகொண்டு தள்ளுவது. ஒரு டாங்கில் இருக்கும் சுத்தத் தண்ணீரையும் சோப்பையும் கார்ப்பெட்டில் பீய்ச்சும், பிரஷ் சுழன்று தேய்க்கும், அழுக்குத் தண்ணீரை உறிஞ்சி இன்னொரு டாங்கில் சேர்க்கும். பெரிய ஹாலுக்கு அருமையான சாமான். ஆனால் தண்ணீர் நிரம்பியதும் அதை மாடிக்குத் தூக்குவது பெரும்பாடு. நான் ஆர்வத்தில் பட்டனை அழுத்திக்கொண்டே போய்விட்டேன். கார்ப்பெட் காய இரண்டு நாள் ஆயிற்று. ஈரம் ஒரு நாளைத் தாண்டி நின்றால் அடியில் பூஞ்சை பிடிக்கலாம். ஜன்னலைத் திறந்து, ஃபேனைத் தரையோரம் வைத்து, இரண்டு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

அதில் கற்றுக்கொண்டது ஒன்றுதான். மெஷின் எவ்வளவு பலமாகத் தண்ணீர் அடிக்கிறது என்று பார்த்து வாங்கக் கூடாது, அடித்த தண்ணீரை எவ்வளவு திரும்ப எடுக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும். ஊற்றுவதற்கு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், பிறந்ததிலிருந்து ஊற்றுகிறோம். வழிந்தோட இடமில்லாத தரையில் திரும்ப எடுப்பதுதான் முழு வேலையும்.

கடைசியில் கையில் தூக்கிப்போகும் சின்ன மெஷினை எடுத்தோம். எங்கள் வீட்டில் பிரச்சினை அங்கங்கே வட்டம் வட்டமாகத்தான், வீடு முழுக்க இல்லை. நாலைந்து பிராணி வளர்ப்பவர்கள் பெரியதே வாங்கலாம். குழாய் நுனியில் இருக்கும் உறிஞ்சுவாய் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே வரும் தண்ணீரின் நிறம் தெரியும், தெளிந்ததும் நிறுத்தலாம். குழாயையும் அழுக்கு டாங்கையும் கழற்றிக் கழுவ முடிய வேண்டும், இல்லாவிட்டால் மெஷினே நாறும். சத்தத்தையும் கேட்டுப் பார்க்க வேண்டும். முதல் நாள் இதன் சத்தத்துக்கு மணி கட்டிலுக்கு அடியில் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. இப்போது அதை ஓட்டுமுன் மகள் அவனை வாக்கிங் கூட்டிப்போய்விடுகிறாள். அப்புறம், பலர் இதை நீராவி மெஷின் என்று சொல்கிறார்கள். இது வெந்நீர் மெஷின்தான். உண்மையான நீராவி மெஷினை மூத்திரக் கறையில் காட்டாதீர்கள், சூட்டில் கறையும் நாற்றமும் இழையோடு ஒட்டிக்கொள்ளும் என்கிறார்கள்.

மெஷின் தனியாக நாற்றத்தைப் போக்காது, இதையும் சொல்லிவிட வேண்டும். முதலில் துணியை வைத்து அழுத்தி ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. பிறகு பிராணிகளுக்கென்றே வரும் என்சைம் திரவத்தை அடிமெத்தை வரை இறங்கும்படி ஊற்றி, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை ஈரம் காயாமல் விட வேண்டும். யூரிக் அமிலத்தை உடைப்பது அதுதான். அதற்கு முன்னால் சோப்பும் கொதிநீரும் போனால் அது சரியாக வேலை செய்யாது. அதற்குப் பிறகுதான் மெஷின், அதுவும் வெறும் தண்ணீரோடு. ஒருமுறை பீய்ச்சினால் பீய்ச்சாமல் மூன்று நாலு முறை உறிஞ்ச வேண்டும். ப்ளீச்சிங் திரவத்தை மட்டும் மூத்திரத்தின் மேல் ஊற்றிவிடாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு வரும். அம்மோனியா கலந்ததும் வேண்டாம், நாய் அதை மூத்திரம் என்றே எடுத்துக்கொள்ளும்.

மெஷின் தேடிய நாட்களில் படித்த ஒன்று மனதில் நின்றுவிட்டது. இந்த மாதிரி மெஷின் செய்யும் பிஸ்ஸெல் கம்பெனி அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் ஒரு பீங்கான் கடையில் பிறந்ததாம். பாத்திரம் பொதிந்து வரும் மரத்தூள் கடைக் கார்ப்பெட்டில் சிக்கிக்கொண்டு வெளியே வராததால், மெல்வில் பிஸ்ஸெல் 1876இல் கூட்டும் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். 1889இல் அவர் இறந்ததும் கம்பெனியை நடத்தியது அவர் மனைவி அன்னா. அந்தக் காலத்தில் ஒரு பெண்! கார்ப்பெட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் அது இவ்வளவு பாடு படுத்தியிருக்கிறது என்று தெரிந்ததில் எனக்குப் பெரிய ஆறுதல்.

ஹாலில் ஐந்தையும் முடித்தேன். மாடியில் நாலையும் முடித்தேன், பெயர் தெரியாத அந்தப் பிராணிக்காக மண்டியிட்டு உட்கார்ந்து. இப்போது எல்லாம் பழகிவிட்டது. ராத்திரி மணி முனகினால் கை தானாக என்சைம் பாட்டிலுக்குத்தான் போகிறது, வாளிக்குப் போவதில்லை.

வேலை முடிந்ததும் அழுக்கு டாங்கைக் கழற்றிக் குளியலறைக்குக் கொண்டுபோவேன். பழுப்புத் தண்ணீரைக் கவிழ்த்து, டாங்கை அலசி அதையும் ஊற்றுவேன். கடைசித் தண்ணீர் குழாய்க்குள் இறங்கும்போது களக் களக் என்று ஒரு சத்தம் வரும். எங்கள் வீட்டுச் சுவரோர ஓட்டையில் கேட்ட அதே சத்தம். விளக்கை அணைக்காமல், அது முழுக்க இறங்கி முடியும்வரை நின்று கேட்டுவிட்டுத்தான் படுக்கப் போகிறேன்.